மூன்றாம் தண்ணீர்

பக்கத்து நாற்காலிக்காரி என்னவோ சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மடியில் இருந்த அவித்த கடலையை எடுத்துக் கடிக்கப் போய்விட்டாள். நகக்கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்ததால் அவளால் உரிக்க முடியவில்லை, பல்லால்தான் உடைத்தாள். ஜெயக்கொடிதான் அவள் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். மதுரை ஆஸ்பத்திரிச் சுவரில் டோக்கன் நம்பர் சிவப்பாக முப்பத்தொன்று எரிந்தது. கையில் இருந்த சீட்டில் நாற்பத்தாறு. புருஷன் பரஞ்சோதியை எடை பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் கோடியில் இருக்கிற கவுண்டருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேயும் வரிசை, வர நேரமாகும். நல்லவேளை, நேரமாகட்டும். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இப்போது அவரைப் பார்க்க முடியாது. அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: "இந்தப் பரு மொதமொதல்ல வந்தப்ப நான் அழுதேன்க்கா. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம். மருந்து பிடிக்குது லூர்து, இது வந்தா நல்லதுதான், களிம்பைப் போட்டுட்டுப் பேசாம இருன்னுட்டாங்க." லூர்துமேரி என்று பேராம், திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலையாம். அவளுக்கும் நுரையீரலில்தான் கட்டி, அவளுக்கும் அதே மாத்திரைதான். மூக்குக்கு இரண்டு பக்கமும், தாடையில், நெற்றி ஓரத்தில், சிவந்து சீழ் கோத்த கொப்புளங்கள். பங்குனி மாசம் பரஞ்சோதி முகத்தில் இருந்த அதே கொப்புளங்கள், இடம்கூட மாறவில்லை. அதை அம்மை என்று நினைத்தாளே. அம்மா வந்து இறங்கியிருக்கிறாள் என்று நினைத்துப் பதினோரு நாள், அடி பாவி, பதினோரு நாள் அந்த மாத்திரையை அவர் வாயில் படவிடாமல் வைத்திருந்தாளே. எல்லாருக்குமா வரும் என்று லூர்துவிடம் கேட்டாள். "எல்லாருக்கும் வராதாம்க்கா, வராதவங்களுக்கும் மருந்து கேக்குமாம். வந்துட்டா ஒரு தைரியம், அவ்வளவுதான்." அதில் ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள். வராதவர்களுக்கும் கேட்கும். ஆனால் அவருக்கு வந்ததே. வந்து, அப்புறம் போய்விட்டதே. போனதற்குக் கூழ் ஊற்றினாளே அவள், தெருவுக்கே.

அந்த மாத்திரையை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று யாருக்குத் தெரியும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்த பெண் சொல்லிக்கொண்டே போனாள், ஜெயக்கொடி ஒன்றுவிடாமல் மனசில் வாங்கிக்கொண்டாள். வெயில் படக் கூடாது, ஈரம் படக் கூடாது, அடுப்படியில் வைக்கக் கூடாது, வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, உள்ளே ஈரம் உறிஞ்சக் கிடக்கிற சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடக் கூடாது, உடைக்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சி யாரும் கிட்டவே வரக் கூடாது. மற்றவர்களுக்கு இது தொல்லையாக இருந்திருக்கும். ஜெயக்கொடிக்குக் கூடாது என்று சொன்னால் புரியும், ஆயுசு பூராவும் அதைக் கேட்டுத்தானே வளர்ந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு அடிக்கடி அலைய வேண்டாம் என்று மூன்று டப்பாவைச் சேர்த்தே கொடுத்தார்கள். மூன்றையும் பீரோவில் பட்டுச்சேலைக்கு மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். காலை ஐந்தரைக்குக் கையைக் கழுவி, டப்பா மூடியில் ஒன்றைச் சாய்த்து, மூடியிலிருந்து அவர் உள்ளங்கையில் போடுவாள். அவர் பாதித் தூக்கத்தில் கண்ணைக்கூடத் திறக்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். கண்ணைத் திறக்காமல். அதுதான் இப்போது நினைவுக்கு வந்து தொலைக்கிறது. வயிற்றால் போனபோது உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கரைத்துக் கொடுத்தவள் அவள். வாயெல்லாம் புண்ணாகி மிளகாய் வாடையே ஆகாமல் போனபோது மோர்ச்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தவள். குதிகால் வெடித்தபோது தேங்காயெண்ணெய் தடவிக் காலை மடியில் வைத்துக்கொண்டவள். "என்னை விட்டா ஒரு கைக்குழந்தையாக்கிருவ போல" என்று சிரிப்பார். டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனுஷன், ஒரு பீடி குடித்தது கிடையாது, அவருக்குப் போய் நெஞ்சில் கட்டி. இத்தனையும் செய்த கைதான் அதையும் செய்தது. எப்படிச் செய்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவாள்.

பயம்தான், வேறென்ன. முகத்தில் முதல் கொப்புளத்தைப் பார்த்த அன்றைக்கு ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேற்றியிருந்தார்கள். எதிர்வீட்டுக் கனகு மதினி வாசலில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏ ஜெயக்கொடி, இது மாத்திரைச் சூடு கிடையாதுடி, தாயி வந்திருக்கா, உள்ள இங்கிலீசு மருந்து எதுவும் வச்சிருக்காத" என்றாள். பரஞ்சோதி சொல்லத்தான் செய்தார், இல்லை என்று சொல்ல முடியாது. "டாக்டரு முன்னமே சொன்னாங்க, பரு மாதிரி வரும், பயப்படாதீங்கன்னு. நீ அப்ப கீழ காப்பீட்டுச் சீட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்த." ஆனால் அவர் எதைத்தான் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. சாமி கும்பிடாதவர், அவள் கும்பிடுவதை ஒருநாளும் தடுக்காதவர். அந்தத் தங்கமான குணம்தான் அவளைக் கெடுத்தது, ஒருதரம் கத்தியிருந்தால் அடங்கியிருப்பாள். அவளுக்குக் கண்ணுக்குள் அக்கா செல்லக்கிளிதான் நின்றாள். செல்லக்கிளிக்கு ஒன்பது வயசு, இவளுக்கு ஆறு. உடம்பெல்லாம் முத்து முத்தாக அம்மை, காய்ச்சல் தாங்காமல் அனத்துகிறாள் என்று அப்பா கம்பவுண்டரைக் கூட்டிவந்து ஊசி போட்டார். மறுநாள் மத்தியானம் செல்லக்கிளி இல்லை. ஊசி போட்டதால்தான் தாய் கோபித்துக்கொண்டாள் என்று அம்மா சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாள், அப்பா சாகிறவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அக்காவின் கை பாயிலிருந்து வெளியே நீண்டு கிடந்தது, அதில் வேப்பங்கொழுந்து ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பார்த்தவளிடம் போய் மாத்திரைச் சூடு என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள். அவரைச் சாகவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் நினைத்தது. சத்தியமாக அவ்வளவுதான். அவரோ நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார். அதனால் அவளுடைய மூட்டுவலிக்கு நர்ஸ் கொடுத்திருந்த சத்து மாத்திரையை, அதே மங்கின நிறம், கொஞ்சம் பருமன் கூடுதல், அதை மூடியில் சாய்த்து, மூடியிலிருந்து அவர் உள்ளங்கையில். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்டார், "என்ன இது, தொண்டையில நிக்குது?" "வாய்ப்புண்ணு உள்ள இறங்கியிருக்கும், தண்ணிய நல்லாக் குடிங்க" என்றாள். எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய். தேடவே இல்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

முப்பத்தாறு. வீல்சேரில் ஒருத்தரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பதினோரு நாளும் எல்லாமே அவளுக்குத் தோதாகத்தான் அமைந்தது, அதையும் தாயின் கருணை என்று நினைத்தாள், புத்தி கெட்டவள். பொங்கலுக்காகத் தெரு முழுக்க வேப்பிலை கட்டியிருந்ததால் தன் வாசலில் கட்டியது அவருக்குத் தெரியவில்லை. வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லித் தாளிக்காமல் சமைத்தாள், நம்பினார். அரிப்புக்கு நல்லது என்று சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் குளிக்க வைத்தாள், நம்பினார். அம்மை இறங்க ஊற்றுகிற முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது முகம் ஏறக்குறைய வடிந்து, பழைய பரஞ்சோதியாகிவிட்டார். கல்யாணத்தன்று பார்த்த முகம் மாதிரி இருந்தது, ஈரத்தோடு, மஞ்சள் வாசனையோடு. அவள் அழுதுவிட்டாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டார், சோப்பு கண்ணில் பட்டது என்றாள், சோப்பே போடவில்லை. மறுநாள் காலையிலிருந்து நிஜ மாத்திரையைத்தான் கொடுத்தாள், ஒருநாள் தவறவில்லை, அது எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவாள். ஆனால் அந்த மூன்று டப்பாவும் எங்கே இருந்தது இந்தப் பதினோரு நாளும்? தாய் இருக்கிற வீட்டுக்குள் மருந்து இருக்கக் கூடாதே. கொல்லையில் தகரக் கூரை போட்ட குளியலறை, அதன் மேல்விட்டத்தில், மஞ்சப்பையில் சுற்றி. பங்குனி வெயில். பகலில் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. எடுக்கும்போது டப்பா சுட்டது, சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் எடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். மாத்திரை உருகவில்லை, நிறம் மாறவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இந்த ஏழு வாரமும் அதைத்தான் தின்றார், ஒரு பரு திரும்பி வரவில்லை, வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டது. நல்லாத் தேறிட்டாரே என்று ஊரே சொன்னது. அவள்தான் எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டாள். வெந்து போன மாத்திரையையா, சுண்ணாம்புக் கட்டியையா இத்தனை நாள் அவர் உள்ளங்கையில் போட்டேன்.

"மருந்து கேக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?" என்று லூர்துவைக் கேட்டாள். லூர்து கடலைத் தோலைத் தாளில் மடித்துக்கொண்டே, "ஸ்கேன்ல கட்டி வளந்திருந்தா மருந்து தோத்துப் போச்சுன்னு அர்த்தம்க்கா, நிறுத்திருவாங்க. எங்கூட ஒரு அண்ணன் வந்துக்கிட்டு இருந்தாரு, தேனிக்காரரு. அவருக்கு நிறுத்திட்டு ஊசி மருந்து ஏத்துனாங்க. உடம்பு தாங்கல" என்றாள். அப்புறம் எங்கே அவர் என்று ஜெயக்கொடி கேட்கவில்லை. மடியில் ஸ்கேன் கவர் இருந்தது, நேற்று எடுத்தது, கனமே இல்லை. அதற்குள் என்ன இருக்கிறதோ. நல்லதாக இருந்தால் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அப்படியே போட்டுப் புதைத்துவிடலாம். கெட்டதாக இருந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தோற்காத மருந்தைத் தோற்றது என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் கேட்டாலும் தர மாட்டார்கள், அவர் அந்தத் தேனிக்காரர் மாதிரி. சொன்னால்? சொன்னால் உயிர் கிடைக்கலாம், மனுஷன் கிடைக்க மாட்டார். பரஞ்சோதியை அவளுக்குத் தெரியும். அவர் கூடப்பிறந்த தம்பி ஒருதரம் டெப்போ சாமான் விஷயத்தில் பொய் சொல்லி இவரைச் சாட்சிக்கு இழுத்தான் என்று அவன் கல்யாணத்துக்கே போகாதவர். சண்டை போடவில்லை, திட்டவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான், இருபது வருஷம். தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்ச் செருப்பைத் துடைப்பார். அந்தப் பேசாமையை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதைத் தன் பக்கம் திருப்பினால் தாங்க மாட்டாள், ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் எங்கே போவாள். சீ, அவர் உயிரைப் பற்றி நினைக்க உட்கார்ந்து தன் சௌகரியத்தைப் பற்றி நினைக்கிறாள் பார். ஆனால் நினைப்பு அங்கேயேதான் போய் நின்றது. தாயே, ஸ்கேன் நல்லதாக இருக்கட்டும். யாரிடம் கேட்கிறேன் என்று திடுக்கென்றது. உன்னை நம்பித்தானடி இதைச் செய்தேன்.

பரஞ்சோதி வந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. "ரெண்டு கிலோ இறங்கியிருக்கு. மிஷினு சரியில்லன்னு நினைக்கிறேன்" என்றார். லூர்து நகர்ந்து இடம் விட்டாள். அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான்மா இருந்துச்சு, இவ வேப்பந்தண்ணி ஊத்தி ஊத்தியே சரி பண்ணிட்டா" என்று பெருமையாகச் சொன்னார். லூர்து திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாளா, இல்லையா. ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம், உள்ளே போகும் முன்னால், நாலு பேருக்கு நடுவில் அல்லாமல் இவர் காதில் மட்டும். "என்னங்க" என்றாள். "என்ன?" "ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்கிறீங்களா?" குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்துமூன்று. "என்னங்க" என்று மறுபடி சொன்னாள். "என்னடி, ஒரு மாதிரியா இருக்க, பயமா இருக்கா? எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலில் வந்த வார்த்தையும் உள்ளே போய்விட்டது. அவர் தைரியம் சொல்லுகிறார், அவளுக்கு. நாற்பத்துநான்கு. லூர்துவைக் கூப்பிட்டார்கள், அவள் போகும்போது ஜெயக்கொடியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நாற்பத்தைந்துக்காரர் வரவே இல்லை, மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு என்றார்கள்.

டாக்டரம்மா படத்தைத் திரையில் மேலே கீழே நகர்த்திக்கொண்டே இருந்தார். சின்ன வயசுதான், மகள் வயசு இருக்கும். மூன்று மாசத்துக்கு முன்னால் எடுத்ததையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். நல்ல சேதியாக இருந்தால் இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள் என்று ஜெயக்கொடிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "கட்டி கொஞ்சம் பெருசாயிருக்குய்யா. புதுசாவும் ரெண்டு இடத்துல தெரியுது" என்றார். பரஞ்சோதி தலையை ஆட்டினார், ஏதோ பஸ்ஸின் பழுதைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி. டாக்டரம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "முகத்துல பரு வரலையா?" "வந்துச்சு டாக்டர். பங்குனியில வந்துட்டு அப்படியே வடிஞ்சிருச்சு." "மாத்திரை நடுவுல விட்டுட்டீங்களா? மறந்தாப்புல, ஒருநாள் ரெண்டு நாள்?" "ஒருநாள்கூட இல்ல டாக்டர்" என்றார் பரஞ்சோதி. "இவதான் கையில குடுப்பா. கடிகாரம் நின்னாலும் நிக்கும், இவ அஞ்சரைக்குத் தவற மாட்டா." டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, "அப்படின்னா இந்த மருந்து இனிமே கேக்காது. நிறுத்திட்டு வேற வழி பாக்கணும்" என்று பேனாவை எடுத்தார்.

பேனா தாளில் படுவதற்குள் ஜெயக்கொடி எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய காரியமாகத் தெரியவில்லை. "அவருக்குத் தெரியாதும்மா. பதினோரு நாள் நான் குடுக்கல. அம்மைன்னு நினைச்சேன். வேற மாத்திரையைக் குடுத்தேன். இதை வெளிய தகரத்துக்கு அடியில வச்சுட்டேன், வெயில்ல, மூணு டப்பாவும். அதுக்கப்பறம் அதைத்தான் குடுத்தேன். மருந்து தோக்கலம்மா. எழுதிராதீங்க, மருந்து தோக்கல, நான்தான்." ஒரே மூச்சில் வந்துவிட்டது, இத்தனை நேரம் வராதது. பரஞ்சோதி திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தாள், இல்லை. யாரோ தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அப்ப நான் முழுங்குனது என்ன?" என்று கேட்டார். "என் சத்து மாத்திரை." "சரி" என்றார். அந்தச் சரியை அவளுக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் தம்பியிடம் சொன்ன அதே சரி.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இப்போதாவது சொன்னீர்களே என்றார். வெயிலில் கிடந்த மாத்திரைக்கு எவ்வளவு சத்து போயிருக்கும், போகாமல்கூட இருந்திருக்கும், தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மிச்சத்தை இங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும், குப்பையில் போடக் கூடாது. புது டப்பா எழுதுகிறேன், ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம், அதில் குறையாவிட்டால் மேற்கொண்டு யோசிக்கலாம். ஆறு வாரம். ஜெயக்கொடி அந்த ஆறு வாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கெடுத்ததைச் சரி செய்ய ஆறு வாரம் இருக்கிறது, பீரோவில் வைப்பாள், கண் மாதிரி பார்த்துக்கொள்வாள், கொப்புளம் வரட்டும், உடம்பெல்லாம் வரட்டும். டாக்டரம்மா வழக்கம்போல அவள் பக்கம் திரும்பி, "இந்தத் தடவை நல்லாக் கேட்டுக்கங்கம்மா, மாத்திரையை எங்க வைக்கணும்னா" என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றார் பரஞ்சோதி.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஜெயக்கொடியின் கையிலிருந்த ஸ்கேன் கவரை, அவள் விரல் படாமல், மெதுவாக உருவி எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, டாக்டரம்மா சொல்லச் சொல்ல அதன் முதுகில் ஒவ்வொன்றாக எழுதினார். எழுத்து குண்டு குண்டாக, டெப்போவில் பழுது எழுதுகிற மாதிரி. எல்லாம் எழுதி முடித்துவிட்டு, நிமிராமலே ஒன்று கேட்டார்.

"வேற யாராவது இதைத் தொடலாமா டாக்டர்?"

"தொடாம இருக்கறதுதான் நல்லதுய்யா."

அதையும் எழுதிக்கொண்டார்.